அம்மாச்சிக்கு எழுத்து தெரியாது... ஆனாலும் பேத்திக்குப் புத்தகம் வாசிக்கிறார்!

விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் ஊரில் முதலில் கேட்பது சேவல் சத்தமா, ஜீப் ஹாரனா என்று ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். தேனி - குமுளி சாலையில், உத்தமபாளையம் தாண்டி கம்பம் வருவதற்குள் இருக்கிறது அனுமந்தன்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களைப்போலவே இங்கிருந்தும் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறார்கள். இருட்டில் கிளம்பினால் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும்.

என் அக்காவும் அப்படிப் போகிறவள்தான். அவளுடைய மகளுக்கு நான்கு வயது. அம்மா கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். அம்மா வரும்போது தூக்கக் கலக்கத்தில் இருப்பாள். நடுவில் இருக்கும் பகல் முழுக்க அவளுக்கு எல்லாமே அம்மாச்சிதான். அதாவது, என் அம்மா. குளிப்பாட்டி, தலைசீவி, பால்வாடிக்குக் கூட்டிப்போய், திரும்பக் கூட்டி வந்து, சோறூட்டித் தூங்கவைப்பது வரை அவர் பொறுப்பு.

அந்தச் சோறூட்டும் நேரம்தான் பிரச்னை. ஒரு வாய் இறங்க வேண்டுமென்றால் எதிரே செல்போனில் பொம்மைப் பாட்டு ஓட வேண்டும். பாட்டு நின்றால் வாய் மூடிக்கொள்ளும். உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? அப்படியென்றால், எங்கள் வீட்டில் நடந்த இந்த மாற்றத்தை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும்.

பீரோவுக்குள் போன புத்தகங்கள்

குட்டியின் மூன்றாவது பிறந்தநாளுக்குச் சென்னையிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தேன். பத்து படக்கதைப் புத்தகங்கள். 'குழந்தைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்த சித்தி' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது ஏதோ எடுக்க பீரோவைத் திறந்தால், பட்டுப்புடவைக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவே அந்தப் பத்து புத்தகங்களும் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தன.

"என்னம்மா இது?" என்றேன்.

"வெலை கூடுனதா இருக்கும்போல. புள்ள கிழிச்சுப்புடுவா. அதான் பத்திரமா வெச்சிருக்கேன்."

அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் ராத்திரி பாத்திரம் கழுவும்போது மெதுவாக வெளியே வந்தது. "ஒண்ணைப் பிரிச்சுக் குடுத்தேன். 'வாசி அம்மாச்சி'னு மடியில வந்து உக்காந்துட்டா. எனக்கு என்னத்தத் தெரியும்? புள்ள முன்னாடி முழிச்சுக்கிட்டு உக்காரவா?"

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதுவும் அறிவொளி இயக்கக் காலத்தில் கற்றுக்கொண்டது. மகள் பத்திரிகையில் எழுதுகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்வார். ஆனால், அதில் ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை. 'குழந்தைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுங்கள்' என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் அதை எழுதியிருக்கிறேன். பகல் முழுக்கக் குழந்தையை வைத்திருப்பவருக்கு வாசிக்கத் தெரியுமா என்று நான் யோசித்ததே இல்லை. அந்த ராத்திரிதான் யோசித்தேன்.

வாசித்துக் காட்டினால் என்ன நடக்கிறது?

எழுத்தே தெரியாத மூன்று வயதுக் குழந்தைக்குப் புத்தகம் எதற்கு? ஸ்கூலுக்குப் போனால் தானாகப் படிக்கப்போகிறது என்று தோன்றலாம். ஆனால், படிப்பதற்கான அஸ்திவாரம் பள்ளிக்கூட வாசலில் போடப்படுவதில்லை. அதற்கு முன்பே காது வழியாகப் போடப்படுகிறது.

முதல் விஷயம், சொற்கள். வீட்டில் நாம் குழந்தையிடம் பேசுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சாப்பிடு, வா, தொடாதே, தூங்கு, அழாதே! புத்தகத்தில்தான் காடு வரும், கடல் வரும், ஒட்டகச்சிவிங்கி வரும், 'திடுக்கிட்டது' வரும், 'தயங்கியது' வரும். அமெரிக்காவில் 100 ஆங்கிலப் படப் புத்தகங்களை எடுத்து, அவற்றில் உள்ள சொற்களைப் பெரியவர்கள் குழந்தைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. பேச்சில் வருவதைவிடப் புத்தகங்களில்தான் விதவிதமான சொற்கள் அதிகம் என்றது அது. பார்க்கக் குட்டிப் புத்தகங்கள்தான். ஆனாலும் அவைதான் ஜெயித்தன!

இரண்டாவது, புத்தகத்தின் பழக்கம். இது அட்டை, இங்கே திறக்க வேண்டும், இடமிருந்து வலமாகப் போக வேண்டும், அந்தக் கறுப்புக் கறுப்புப் புள்ளிகள்தான் கதையைச் சொல்கின்றன... இதெல்லாம் நமக்குச் சொல்லித் தர வேண்டியதாகவே தோன்றாது. ஆனால், புத்தகத்தையே தொடாமல் ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தை இவை எல்லாவற்றையும் முதல் வாரத்தில் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, மடி. கதை கேட்கும் குழந்தை யாருடைய மடியிலாவது, தோளிலாவது சாய்ந்துதான் கேட்கிறது. புத்தகம் என்றாலே அதற்கு அந்தச் சூடு ஞாபகம் வரும். பின்னாளில் புத்தகத்தைப் பார்த்து மிரளாமல் இருக்க இது பெரிய பலம்.

அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல், குழந்தை பிறந்ததிலிருந்தே சத்தமாக வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது. குழந்தை ஓடாமல் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்களோடு சேர்ந்து புத்தகம் பார்ப்பதும் கதை கேட்பதும்தான் சிறந்தது.

வீட்டுத் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு!

நம் குழந்தைகளுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது தமிழுக்கே உரியது.

வீட்டில் 'பூன ஓடிருச்சு' என்கிறோம். புத்தகத்தில் 'பூனை ஓடிவிட்டது' என்று இருக்கிறது. 'அங்க போனான்' என்பது 'அங்கே சென்றான்' ஆகிறது. எங்கள் பக்கத்தில் 'வாளப்பளம்' சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் 'வாழைப்பழம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அது வேறு ஏதோ பழம் என்றுதான் நினைக்கும்.

ஒன்றாம் வகுப்பில் இந்தக் குழந்தைக்கு இரண்டு வேலை. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247 எழுத்துகளின் உலகத்துக்குள் நுழைய வேண்டும். 'கெ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, சத்தம் பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. அதைப் பழக வேண்டும். கூடவே, அந்த எழுத்துகள் சேர்ந்து சொல்லும் தமிழும் வீட்டில் கேட்காத தமிழாக இருக்கிறது. எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கஷ்டப்பட்டு 'செ... ன்... றா... ன்' என்று வாசித்து முடித்தாலும், 'ஓ, போனான்!' என்று மனதில் பல்ப் எரிவதில்லை. அதனால்தான் சில குழந்தைகள் கடகடவென்று வாசிக்கிறார்கள். ஆனால், 'என்ன கதை?' என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

தினமும் கதைப் புத்தகம் வாசித்துக் கேட்ட குழந்தைக்கு இந்த இரண்டாவது வேலை பாதி முடிந்துவிடுகிறது. 'சென்றான்' என்ற சொல்லை அது ஏற்கெனவே நூறு தடவை காதால் கேட்டிருக்கும். எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். அ, ஆ எழுதச்சொல்லி மூன்று வயதில் கையைப் பிடித்து வளைப்பதைவிட, இந்தக் காதுப் பழக்கம் எத்தனையோ மடங்கு உதவும்.

படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது?

சரி, இதையெல்லாம் என் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தேடிப் படித்ததில் ஒரு நல்ல செய்தி கிடைத்தது.

1988-ல் அமெரிக்காவில் இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோரை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு குழுக்களும் வழக்கம்போலக் குழந்தைகளுக்குப் புத்தகம் வாசித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு சின்னப் பயிற்சி. நீங்களே வாசித்துக்கொண்டு போகாதீர்கள், 'இது என்ன? என்ன செய்கிறது?' என்று கேளுங்கள், குழந்தை சொல்வதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள் என்றார்கள். ஒரே மாதம்தான். பயிற்சி பெற்றவர்களின் குழந்தைகள் பேச்சுத்திறனில் மற்றவர்களைவிடப் பல மாதங்கள் முன்னால் போயிருந்தார்கள்.

அதாவது, வாசித்துக் காட்டுவதில் பெரிய பங்கு புத்தகத்தை வைத்துக்கொண்டு நடக்கும் பேச்சுக்குத்தான். அந்தப் பேச்சுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை!

பிரேசிலின் வடகோடியில் இருக்கும் போவா விஸ்டா நகரத்தில் நடந்ததும் நமக்கு நெருக்கமானது. அங்கே வசதி குறைந்த குடும்பங்களின் குழந்தைகள் வந்துபோகும், நம் அங்கன்வாடி போன்ற பராமரிப்பு மையங்களில், வாரா வாரம் வீட்டுக்குப் புத்தகம் இரவல் கொடுத்தார்கள். எப்படி வாசித்துக் காட்டுவது என்று பெற்றோருக்கு மாதம் ஒரு கூட்டம். 2018-ல் வெளியான முடிவுகளின்படி, இந்த மையங்களின் குழந்தைகள் சொல்வளத்திலும் ஞாபகசக்தியிலும் மற்ற மையங்களின் குழந்தைகளைவிட முன்னேறியிருந்தார்கள்.

அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனின் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரை நினைத்துத்தான் 1995-ல் தன் சொந்த ஊர்ப் பக்கத்தில், பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை குழந்தைக்கு மாதம் ஒரு புத்தகம் இலவசமாகத் தபாலில் வரும் திட்டத்தை ஆரம்பித்தார். இன்று அது பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. படிக்காத அப்பா என்ற வருத்தத்திலிருந்து பிறந்த நூலகம் அது!

அரிக்கொம்பன் வந்த கதை

அடுத்த நாள் மத்தியானம் பீரோவிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன். குட்டி யானை ஒன்று குளிக்கப்போகும் கதை.

"எழுத்தைப் பாக்காதம்மா. படத்தை மட்டும் பாரு. என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

அம்மா முதலில் தயங்கினார். குட்டி விடவில்லை. மடியில் ஏறி முதல் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

"இதாரு?"

"ஆன!"

"எந்த ஊர் ஆன?"

"அரிக்கொம்பன்!"

அவ்வளவுதான், அம்மாவுக்கு வேறு உதவியே தேவைப்படவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் அரிக்கொம்பனைத் தெரியாத பிள்ளை உண்டா? இடுக்கியின் சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அந்த யானை, 2023 மே 27 அன்று கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. அரிசி தேடி வீடு, கடை என்று உடைத்ததால் வந்த பெயர். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த நாள்களில் நாங்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கதையை அம்மா ஆரம்பித்தார். புத்தகத்து யானை சுருளி அருவியில் குளித்தது. திராட்சைத் தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்தது. பேத்தி இடையிடையே கேள்வி கேட்டாள். அம்மா அவளிடம் திருப்பிக் கேட்டார். பன்னிரண்டு பக்கப் புத்தகம் முக்கால் மணி நேரம் ஓடியது.

போன் அந்த நேரம் முழுக்க அலமாரியில் கிடந்தது. யாரும் கேட்கவில்லை.

ஆனால், புத்தகத் தமிழும் குட்டியின் காதில் விழ வேண்டுமே. அதற்கு நாங்கள் இரண்டு வழி கண்டுபிடித்தோம். பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன் சாயங்காலம் வந்து ஒரு கதையை உள்ளபடியே வாசிப்பான். அவனுக்கும் அது வாசிப்புப் பயிற்சி. இன்னொன்று, சென்னையிலிருந்து நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து, முடிந்ததும் 'இப்ப திருப்பு' என்று சொல்லிவிடுவேன். அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்புவார். போன் பேசும், கண் புத்தகத்தில் இருக்கும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் அப்பா, அம்மா, மாமாக்கள் எல்லோரும் இதைச் செய்யலாம்!

எந்த வயதில் எப்படி?

ஒரு வயதுக்குள்: கதை முக்கியமில்லை, உங்கள் குரல்தான் முக்கியம். கெட்டி அட்டைப் புத்தகம், பெரிய படம், தாலாட்டு, சத்தம். புத்தகத்தைக் கடித்தால் கடிக்கட்டும். அதுதான் அந்த வயதின் வாசிப்பு!

1 முதல் 2 வயது: காக்கா, நாய், பந்து, அம்மா என்று தெரிந்த பொருள்கள் உள்ள படங்கள். 'காக்கா எங்கே?' என்று கேட்டால் விரலால் தொட்டுக் காட்டும். அது போதும். இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடினால் கோபம் வேண்டாம்.

2 முதல் 3 வயது: ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதைகள். கடைசிச் சொல்லை நீங்கள் சொல்லாமல் நிறுத்துங்கள், குழந்தை முடிக்கும். குழந்தை 'நாய்' என்றால், 'ஆமா, பெரிய நாய், தண்ணி குடிக்குது' என்று நீட்டுங்கள்.

3 முதல் 5 வயது: ஆரம்பம், நடு, முடிவு உள்ள கதைகள். 'அடுத்து என்ன ஆகும்? ஏன் அழுகுது? நீயா இருந்தா என்ன பண்ணுவே?' என்று கேட்கலாம். வாசிக்கும்போது வரியின் அடியில் விரலை ஓட்டுங்கள். குழந்தையின் பெயரில் உள்ள முதல் எழுத்து எங்காவது வந்தால் 'இது உன் எழுத்து!' என்று காட்டுங்கள். ஆசையாக இருந்தால் அதுவே தேடும்.

இதையெல்லாம் தவிர்க்கலாமே!

* கதை நேரத்தைப் பரீட்சை ஆக்க வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் 'இது என்ன எழுத்து சொல்லு' என்று கேட்டால், நாளைக்குப் புத்தகத்தைப் பார்த்ததும் ஓடிவிடும்.

* 'அதே கதையா? வேற எடு' என்று சொல்ல வேண்டாம். நாற்பதாவது தடவை கேட்கும்போதும் குழந்தை கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் அதற்குச் சந்தோஷம்.

* கிழித்துவிடும் என்று பூட்டி வைக்க வேண்டாம். கிழிந்தால் குழந்தையோடு சேர்ந்து உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள். எங்கள் வீட்டு யானைக்கு இப்போது காதில் ஒரு டேப், வாலில் ஒரு டேப்.

* இங்கிலீஷ் மீடியம் சேர்க்கப்போகிறோம் என்பதற்காகத் தமிழ்க் கதையை நிறுத்த வேண்டாம். நீங்கள் எந்த மொழியில் சிரித்து, நடித்து, விளக்கிப் பேச முடியுமோ அந்த மொழியில்தான் குழந்தைக்குச் சொற்கள் சேரும். கதையைப் புரிந்துகொள்ளும் திறமை ஒரு மொழியில் வந்துவிட்டால், அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும்.

* 'பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு வயசுல பேப்பர் படிக்குது' என்று ஒப்பிட வேண்டாம். வாசித்துக் காட்டுவது, நான்கு வயதில் படிக்கவைக்கும் மந்திரம் அல்ல. படிக்க வேண்டிய வயது வரும்போது பயமில்லாமல் படிக்கவைக்கும் ஏற்பாடு.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், 'கதை சொன்னால் சரியாகிவிடும்' என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் பரிசோதித்துவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரம் உதவலாம்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

'தினக்கூலி வாங்குற வீட்டுல புத்தகம் வாங்க முடியுமா?' என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. பணம் செலவழிக்காமலும் வழி இருக்கிறது.

அங்கன்வாடி: 1975-ல் ஆரம்பித்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் உருவானவைதான் நம் பால்வாடிகள். சத்துணவு மட்டும் அங்கே கிடைப்பதில்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் இருக்கிறது. பாட்டு, கதை, படம், விளையாட்டு என்று நடக்கும். கூட்டிவரப் போகும்போது 'இன்னிக்கு என்ன கதை?' என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதே கதையை ராத்திரி வீட்டில் சொன்னால் குழந்தைக்கு இரட்டைச் சந்தோஷம்.

கிளை நூலகம்: போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மட்டும்தான் நூலகம் என்று நினைக்க வேண்டாம். சின்னக் காப்புத்தொகை கட்டி உறுப்பினரானால், சிறுவர் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்து வரலாம். மதுரைக்குப் போகும் வேலை இருந்தால், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் குழந்தையை ஒருமுறை கூட்டிப்போங்கள். சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது.

செல்போன்: எந்தப் போனைக் குறை சொன்னோமோ அதே போனில் ஒரு நூலகமும் இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் அமைப்பு 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளில் 'ஸ்டோரிவீவர்' என்ற இணையதளத்தை ஆரம்பித்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசம். படிக்கலாம், டவுன்லோடு செய்யலாம், பிரின்ட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதல் நிலைக் கதைகள் சின்னக் குழந்தைகளுக்குச் சரியாக இருக்கும். ஒரே நிபந்தனை. போனைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வாசிக்க வேண்டும்.

வாங்க முடிந்தால்: மத்திய அரசின் நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ட்ரன்' ஆகியவை தமிழில் சிறுவர் புத்தகங்கள் போடுகின்றன. தூலிகாவில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள படக்கதைகளும் உண்டு. பிறந்தநாளுக்கு வரும் உறவினர்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், 'பொம்மை வேண்டாம், புத்தகம் குடுங்க' என்று.

வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளை: அரசுப் பள்ளி மாணவர்களுக்காகப் பள்ளிக் கல்வித்துறை 2023-ல் ஆரம்பித்த வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் குட்டிக் குட்டிப் புத்தகங்கள் இருக்கின்றன. அண்ணனோ அக்காவோ பள்ளியில் படித்த கதையைத் தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தம்பிக்கு அண்ணன்தான் ஹீரோ. ஹீரோ சொன்னால் கேட்காமல் இருப்பானா?

ஒரு புத்தகமும் இல்லையா? பழைய காலண்டர் படம், மளிகைக் கடைப் பொட்டலத்தில் வந்த பேப்பர், கல்யாணப் பத்திரிகை, கல்யாண ஆல்பம் எல்லாமே புத்தகம்தான். 'இதுல தாத்தா எங்க இருக்காரு?' என்று ஆரம்பியுங்கள்.

நேரம்தான் இல்லையே..!

ஏலக்காய்த் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துவிட்டு வரும் பெண்ணிடம் 'தினமும் அரை மணி நேரம் வாசி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவே ஒரு கணக்குப் போட்டாள். "வந்ததும் குளிச்சுட்டு டீ குடிக்கிறப்ப சும்மாதான உக்காந்திருக்கேன். அப்ப வாசிக்கிறேன்."

பத்து நிமிடம்தான். ஒன்பதாவது வரை படித்த அக்கா, பல வருடங்களுக்குப் பிறகு சத்தமாகத் தமிழ் வாசித்தாள். ஆரம்பத்தில் அவளுக்கும் நாக்கு தட்டியது. தட்டினால் என்ன? குழந்தை மார்க் போடுவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பத்து நிமிடம் எங்காவது ஒளிந்திருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், இட்லி வேகும் நேரம், கரன்ட் போன நேரம். தேடிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் தவறினால் பரவாயில்லை, மூன்றாவது நாள் ஆரம்பித்துவிடுங்கள். அப்பாக்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்!

'நீ உக்காரு, நான் வாசிக்கிறேன்!'

எழுத்தாளர் மு.முருகேஷுக்கு 2021-ம் ஆண்டின் பால சாகித்ய புரஸ்கார் விருது வாங்கித்தந்த புத்தகத்தின் பெயர், 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை'. அந்தத் தலைப்பை நான் நேரிலேயே பார்த்தேன், போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது.

ஜீப் வந்து நின்றது. அக்கா உள்ளே வந்தாள், உடம்பெல்லாம் ஏலக்காய் வாசம். முகம் கழுவக்கூட விடாமல் குட்டி கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நீ உக்காரு. இன்னிக்கு நான் வாசிக்கிறேன்."

எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. யானைப் புத்தகத்தைப் பிரித்து, விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டே சொன்னாள். "ஒரு நாள் குட்டி ஆன குளத்துக்குச் சென்றது. அங்க... அரிக்கொம்பன் இருந்துச்சு!"

'சென்றது.' எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பேச்சில் சொல்லாத சொல். அந்தச் சொல் புத்தகத்திலிருந்து வந்தது. அரிக்கொம்பன் அம்மாச்சியிடமிருந்து வந்தான். இரண்டும் சேர்ந்து அவளுடைய கதையாகிவிட்டது.

அக்கா டீயை மறந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். புத்தகங்கள் இப்போது பீரோவில் இல்லை. காலியான திராட்சைப் பெட்டி ஒன்றில், குட்டியின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கின்றன. கிழிந்து, ஒட்டி, அழுக்காகி, நன்றாகவே இருக்கின்றன.

உங்கள் வீட்டில் இன்றைக்கு ராத்திரி என்ன கதை?